டர்போ கடைசியில் வரட்டும்

பழைய காரின் இன்ஜினை டர்போவுக்கு மாற்ற ஆகும் மொத்தச் செலவில் டர்போசார்ஜரின் விலை பெரும்பாலும் ஆறில் ஒரு பங்குதான். மீதிப் பணம் கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கவும், கூடுதல் சூட்டைத் தணிக்கவும், இன்ஜினை ஆளும் கணினிக்கும், பெருகிய விசையைச் சக்கரம்வரை கொண்டுசேர்க்கும் கிளட்ச், டிஃபரன்ஷியல் போன்றவற்றுக்கும் போகிறது. டர்போவின் விலையை மட்டும் பார்த்துவிட்டு வேலையில் இறங்குபவர்களின் கார்கள் பாதியில் பிரித்த நிலையில் ஷெட்டில் கிடப்பதற்கு இந்தக் கணக்குப் பிசகுதான் முதல் காரணம்.

டர்போசார்ஜர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. சைலன்சர் வழியாக வீணாய்ப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. பெட்ரோல் இன்ஜினின் திறனுக்கு எல்லை கட்டுவது பெட்ரோல் அன்று, காற்று. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். காற்றைக் கூட்டினால் பெட்ரோலைக் கூட்டலாம், திறனும் கூடும். செலவுக் கணக்கு முழுவதும் இந்த ஒற்றை உண்மையிலிருந்து கிளைக்கிறது.

கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டர்போ அதன்மேல் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் கொடுத்தால் உள்ளே நுழையும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1.48 மடங்காகிறது. அதனால் காற்றும் 48 சதவீதம் கூடிவிடும் என்று நினைப்பது தவறு. அழுத்தும்போது காற்று சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிகிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள டர்போவைத் தாண்டும்போது 80 டிகிரியை எட்டிவிடும். அந்தச் சூட்டோடு இன்ஜினுக்குள் போனால் காற்றின் அடர்த்தி 27 சதவீதமே கூடும். இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 41 சதவீதம் கூடும். 116 குதிரைத்திறன் கொண்ட ஓர் இன்ஜினில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 16 குதிரைத்திறன். இன்டர்கூலரைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் நட்டத்தில் முடிவது இதனால்தான். திறன் குறைவதைவிடப் பெரிய ஆபத்தும் அந்தச் சூட்டில் இருக்கிறது.

அதன் பெயர் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் பரவி முடிவதற்குள், ஓரத்தில் எஞ்சியிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. சாதாரண இன்ஜினில் அது ஏற்றத்தில் கேட்கும் 'டிக் டிக்' ஒலியோடு நின்றுவிடக்கூடும். டர்போ இன்ஜினில் சில வினாடிகள் நீடித்தாலே பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்துபோகும். வெளியே எதுவும் தெரியாது. புகை நீலமாக வரும்போதுதான் சேதம் புரியும். டர்போ மாற்றத்துக்கான பட்ஜெட்டில் பாதிக்கு மேற்பட்ட இனங்கள் நாக்கிங்கைத் தடுப்பதற்கானவையே.

கார் நிறுவனங்களே இந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்துக் கற்றன. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டர்போவோடு விற்கப்பட்ட முதல் பயணிகள் கார்களில் அது ஒன்று. 3.5 லிட்டர் அலுமினிய வி-8 இன்ஜின், 215 குதிரைத்திறன். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் கம்ப்ரஷன் விகிதம் 10.25-க்கு 1. டர்போ இன்ஜினுக்கு இது மிக அதிகம். நாக்கிங் வராமலிருக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். தொட்டி காலியானால் பூஸ்டைக் குறைத்துவிடும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் பலர் தொட்டியை நிரப்பவே இல்லை. கார் மந்தமாக ஓடியது, குறைகள் குவிந்தன. இரண்டே ஆண்டில், சுமார் 9,600 கார்களோடு உற்பத்தி நின்றது. பின்னர் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்ப்பரேட்டர் பொருத்தித் தர முன்வந்தது. அதிகக் கம்ப்ரஷன் உள்ள இன்ஜினில் டர்போ வைக்க முடியும். ஆனால் அதற்கான விலையை ஓட்டுபவர் ஒவ்வொரு நாளும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அந்தக் கார் காட்டியது.

செலவுக் கணக்கைத் துல்லியமாகப் பார்க்க ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பொருத்தமானது 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கப்படும் இந்த இரண்டு இருக்கைக் கார் ஒரு டன்னுக்கும் குறைவான எடை கொண்டது. முதல் ஆண்டுகளில் அதில் இருந்தது 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன் இன்ஜின். 1994-லிருந்து 1.8 லிட்டர், 128 குதிரைத்திறன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் டர்போ மாற்றத்துக்கு அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் பழைய கார்களில் இது முன்னணியில் நிற்கிறது. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இதே குடும்பத்து 1.6 லிட்டர் இன்ஜினை மஸ்டா தன் 323 காரில் டர்போவோடு விற்றிருந்தது. அடிப்பாகம் வலுவானது. ஆனால் தொழிற்சாலை டர்போ இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதம் 7.9, மியாட்டாவில் 9.4. இந்த இடைவெளிதான் மியாட்டா உரிமையாளர் கவனிக்க வேண்டிய முதல் எண்.

எவ்வளவு வேண்டும்?

பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதவேண்டியது தொகை அன்று, குதிரைத்திறன். எவ்வளவு திறன் வேண்டும் என்று முடிவெடுக்காமல் வாங்கும் ஒவ்வொரு உதிரிபாகமும் பின்னால் மறுபடி வாங்கவேண்டியதாகிவிடும். 1.6 லிட்டர் மியாட்டாவுக்கு இயல்பாக மூன்று படிகள் இருக்கின்றன. ஆறேழு பி.எஸ்.ஐ. பூஸ்டோடு 160 முதல் 170 வரை. இது இன்ஜினின் உள்பாகங்களைத் தொடாமல் எட்டக்கூடியது, அன்றாட ஓட்டத்துக்கும் ஒத்துவரும். அடுத்தது 200-ஐ ஒட்டியது. பழைய பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும், ஆனால் டியூனிங்கில் பிசகினால் மன்னிக்காது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் இன்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ்டு ராடும் பிஸ்டனும் போட்டாக வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ராடை வளைப்பது குதிரைத்திறன் அன்று, டார்க் எனப்படும் சுழற்றுவிசை. சிறிய டர்போவைப் போட்டு 3,000 ஆர்.பி.எம்-மிலேயே முழு பூஸ்டைக் கொடுத்தால், மொத்தத் திறன் அதிகமில்லாவிட்டாலும் ராடு வளையலாம். அதே திறனை 6,000 ஆர்.பி.எம்-மில் எட்டும் இன்ஜின் நெடுநாள் தாங்கும். ஆகவே 'எத்தனை குதிரைத்திறன்' என்பதோடு 'எந்த வேகத்தில்' என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் படியோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலானவர்களுக்கு அறிவுடைமை. ஒரு டன்னுக்கும் குறைவான காரில் ஐம்பது குதிரைத்திறன் கூடுவது சின்ன மாற்றம் அன்று. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இன்ஜினின் உடல்நிலை

எந்தப் பாகத்தையும் வாங்குமுன் செய்யவேண்டியது கம்ப்ரஷன் பரிசோதனை. நான்கு சிலிண்டர்களும் தமக்குள் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. அதோடு லீக்-டவுன் பரிசோதனையும் வேண்டும்: சிலிண்டருக்குள் அழுத்தமான காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது. பத்து சதவீதத்துக்குள் கசிவு இருந்தால் இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது. இருபதைத் தாண்டினால் டர்போவுக்கான பணம் ஓவர்ஹாலிங்குக்குப் போக வேண்டும். தேய்ந்த இன்ஜினில் டர்போ வைப்பது, அது இன்னும் தாங்கக்கூடிய சில ஆண்டுகளைச் சில மாதங்களாகச் சுருக்குவது.

1989 முதல் 1991-இன் தொடக்கம் வரை வந்த மியாட்டாக்களில் இன்னொரு குறையும் சோதிக்கப்பட வேண்டும். அவற்றின் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. முன்புறப் பெரிய போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் சாவிக்கட்டை ஆடி, கிராங்கையே தேய்த்துவிடுகிறது. டைமிங் பெல்ட் மாற்றும்போது யாரோ ஒரு மெக்கானிக் அவசரத்தில் செய்த தவறு, பத்தாண்டு கழித்து வெளிப்படும். அந்தக் கிராங்க் உள்ள இன்ஜினில் பெரிய தொகை போடுவதைப் பலர் தவிர்க்கிறார்கள். வேறு இன்ஜினைத் தேடிப்பிடித்துப் போடுவது சில சமயம் சிக்கனமாகவும் இருக்கும்.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட் ஹோஸ்கள், பிளக், பிளக் வயர், எல்லா ஆயில்களும் புதிதாக வேண்டும். அமெரிக்க விலையில் இதற்கு 400 முதல் 500 டாலர். இவற்றை 'டர்போ செலவு' என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

பெட்ரோலும் கணினியும்

200 குதிரைத்திறன் எடுக்கும் டர்போ இன்ஜின், முழு ஆக்சிலரேட்டரில் மணிக்குச் சுமார் 54 கிலோ பெட்ரோல் குடிக்கும். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 310 மில்லி பீய்ச்ச வேண்டும். இன்ஜெக்டரை நூறு சதவீதமும் திறந்தே வைத்திருக்கக் கூடாது. எண்பதில் நிறுத்துவதே பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் நிமிடத்துக்கு 390 மில்லி கொடுக்கக்கூடிய இன்ஜெக்டர் தேவை. 1.6 மியாட்டாவில் இருப்பது ஏறத்தாழ 210 மில்லி. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பழைய இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாதென்பது விளங்கும். நான்கு புதிய இன்ஜெக்டர்கள் 300 டாலரை ஒட்டி வரும்; பெட்ரோல் பம்ப் 100.

இன்ஜெக்டரைப் பெரிதாக்கியதும் பழைய கணினி குழம்பிப்போகும். இசியூ எனப்படும் அந்தத் தொழிற்சாலைக் கணினிக்கு பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. 1.6 இன்ஜினில் காற்றை அளப்பது ஒரு கதவு போன்ற பழைய வகைக் கருவி. காற்று ஓரளவுக்கு மேல் போனால் அது முழுக்கத் திறந்து நின்றுவிடும், அதற்குமேல் எவ்வளவு போகிறதென்று சொல்லாது. தொண்ணூறுகளில் விற்ற டர்போ கிட்களில் பல இந்தச் சிக்கலைச் சுற்றிவளைத்துத் தீர்த்தன: பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் ஒரு ரெகுலேட்டர். குறைந்த பூஸ்டில் அது ஓடவும் செய்தது. ஆனால் பிளக் எப்போது பற்றவைக்க வேண்டும் என்பதை அதனால் நுட்பமாக ஆள முடியாது. பூஸ்ட் இருக்கும்போது பற்றவைப்பைத் தாமதப்படுத்துவதுதான் நாக்கிங்குக்கு எதிரான முக்கியக் காப்பு.

இன்று நிரல்படுத்தக்கூடிய இசியூக்கள் 800 முதல் 1,000 டாலருக்குள், பழைய வயரிங்கில் அப்படியே செருகும் வடிவில் கிடைக்கின்றன. மெகாஸ்க்விர்ட் அவற்றில் பெயர்பெற்றது. அதோடு புகையில் காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றும் வேண்டும், 200 டாலர். சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். பூஸ்டில் அதை 11.5 அல்லது 12-க்குக் கொண்டுவர வேண்டும். மிகையான பெட்ரோல் சிலிண்டரைக் குளிரவைக்கிறது. பட்ஜெட் முழுவதிலும் கையே வைக்கக் கூடாத இனங்கள் இந்த இரண்டும்தான். மலிவான டர்போவோடும் நல்ல கணினியோடும் ஓடும் இன்ஜின் பிழைக்கும். விலையுயர்ந்த டர்போவோடும் பழைய கணினியோடும் ஓடும் இன்ஜின் பிழைக்காது.

சூடும் ஆயிலும்

மியாட்டாவின் கூலிங்கில் ஒரு பிறவிக்குறை உண்டு. அதன் இன்ஜின் குடும்பம் முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காக உட்காரப் பிறந்தது. அங்கே வாட்டர் பம்ப் ஒரு முனையில், சூடான நீர் வெளியேறும் வழி மறுமுனையில். நீர் எல்லாச் சிலிண்டர்களையும் தடவிக்கொண்டே போகும். மியாட்டாவில் அதே இன்ஜினை நீளவாட்டில் திருப்பி வைத்தபோது பின்முனை ஃபயர்வாலை ஒட்டிப்போனது. அங்கே இடமில்லாததால் நீர் வெளியேறும் வழியை முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். விளைவு: பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போதிய நீரோட்டம் கிடைப்பதில்லை. 116 குதிரைத்திறனில் இது பொருட்டில்லை. டர்போ வந்ததும் அந்தச் சிலிண்டர்தான் முதலில் தட்டத் தொடங்கும். நீர்வழியைப் பழையபடி பின்பக்கம் திருப்பும் 'கூலன்ட் ரீ-ரூட்' என்ற மாற்றம் மியாட்டாக்காரர்கள் கண்ட மிகப் பயனுள்ள தீர்வு. தடித்த அலுமினிய ரேடியேட்டரையும் சேர்த்தால் 400 முதல் 500 டாலர். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றை மறிப்பதால் இந்தச் செலவைத் தள்ளிப்போட வழியில்லை.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அதை ஏந்தி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஆயில் உள்ளே போகும் குழாயை எல்லோரும் கவனமாகப் போடுகிறார்கள். வெளியே வரும் குழாயில்தான் தவறு நேர்கிறது. டர்போவிலிருந்து வரும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, தன் எடையால்தான் கீழே இறங்க வேண்டும். குழாய் அகலமாகவும் வளைந்து தொங்காமலும் சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலேயும் போய்ச் சேர வேண்டும். இதற்காக ஆயில் சம்ப்பில் துளையிட வேண்டியிருக்கிறது. சம்ப்பைக் கழற்றாமல் துளையிட்டு உலோகத் துகளை உள்ளே விட்டுவிட்டால் பேரிங்குகள் போகும். சின்ன வேலைதான், கூலியும் அதிகமில்லை. ஆனால் இன்ஜினின் உயிர் அதில் இருக்கிறது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பொறுத்தவரை வார்ப்பிரும்பு அழகாக இராது, ஆனால் உழைக்கும். மெல்லிய ஸ்டீல் குழாய்களை வளைத்து வெல்டு செய்தது கண்ணுக்கு நன்றாக இருக்கும், விலை மலிந்ததாயின் வெல்டிங்கில் விரிசல் விடும். 900 டிகிரியை நெருங்கும் புகையில் சிவக்கச் சிவக்கக் காய்ந்து, பின் ஆறி, மறுபடி காயும் இடம் அது. அதன் நட்டுகள் தாமாகவே கழன்றுகொள்வது டர்போ மியாட்டாக்களில் எல்லோரும் அறிந்த தொல்லை. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் இன்கோனல் என்ற உயர்வெப்ப உலோகக் கலவையில் செய்த ஸ்டட்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குகிறார்கள்.

சக்கரம்வரை

1.6 மியாட்டாவின் கிளட்ச் 200 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, 1.8-இல் 215. டர்போவின் டார்க்கில் பழைய கிளட்ச் நழுவும். ஏறக்குறைய எல்லாருக்கும் முதல் சில வாரங்களிலேயே இது தெரிந்துவிடும். வலுவான கிளட்ச் 400 டாலர். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டுமென்பதால், கூலி கொடுத்துச் செய்விப்பவர்கள் டர்போ வேலையோடு சேர்த்தே முடித்துவிடுவது மிச்சம்.

டிஃபரன்ஷியல் அடுத்த பலவீனம். 1.6 காரில் இருப்பது சிறிய ஆறு அங்குல வகை. மஸ்டாவே 1994-இல் அதை ஏழு அங்குலமாகப் பெரிதாக்கியது. பெரியதற்கு மாறினால் அதன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் பக்கத்து ஆக்சில்களும் சேர்ந்து வர வேண்டும். பழைய உதிரிபாகச் சந்தையிலேயே 700 டாலருக்கு மேல் ஆகும். முதல் படியோடு நிற்பவர்கள் இதைத் தள்ளிவைக்கலாம். பிரேக்கைத் தள்ளிவைக்கக் கூடாது. 1.6 காரின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1994-க்குப் பிந்தையது 255. பெரிய டிஸ்க்கைப் பழைய காருக்குப் பொருத்துவது எளிது. நல்ல டயர் அதற்கும் முன்னால் வர வேண்டும்.

எந்த டர்போ?

இவ்வளவுக்கும் பிறகே டர்போவைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வருகிறது. 200 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 9 கிலோ காற்று வேண்டும். அந்த அளவுக்குத் தகுந்த கேரட் போன்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய டர்போ 1,000 முதல் 1,500 டாலர் வரை ஆகும். அதே உருவத்தில், பெயரில்லாத டர்போக்கள் 200, 300 டாலருக்கும் கிடைக்கின்றன. அவற்றில் சில ஓடவும் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், அவற்றின் காற்றோட்ட வரைபடம் நம்பகமாகக் கிடைப்பதில்லை. எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றை எவ்வளவு சூட்டோடு தரும் என்பது தெரியாத பொருளை வைத்துக் கணக்குப் போட முடியாது. தண்டு முறிந்தால் அதன் துண்டுகள் இன்டர்கூலருக்குள் போகும், இன்டர்கூலரும் போயிற்று. நிசான் சில்வியா போன்ற தொழிற்சாலை டர்போ கார்களிலிருந்து கழற்றிய நல்ல நிலையிலுள்ள பழைய டர்போ, பணம் குறைவாக உள்ளவருக்குப் புது மலிவுச் சரக்கைவிட மேல். தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தேய்மானம் ஓரளவு தெரிந்துவிடும்.

டர்போ, மேனிஃபோல்ட், இன்டர்கூலர், குழாய்கள், ஆயில் லைன்கள் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்கினால் 3,000 முதல் 3,500 டாலர். தனித்தனியாக வாங்கினால் குறையும் என்ற நம்பிக்கையில் தொடங்குபவர்கள், ஒன்றோடொன்று பொருந்தாத ஃபிளாஞ்சுகளுக்கும் வளைகுழாய்களுக்கும் வெல்டருக்கும் கொடுத்துக் கொடுத்து அதே தொகையை எட்டிவிடுகிறார்கள்.

கூட்டிப் பார்த்தால்

முதல் படியான 160-170 குதிரைத்திறனுக்கு, உரிமையாளரே ஸ்பேனர் பிடிக்கும் பட்சத்தில், முன்வேலைகள், கூலிங், இசியூ, சென்சார், இன்ஜெக்டர், பம்ப், கிளட்ச், கிட், சைலன்சர், கேஸ்கட்-ஆயில் வகையறா எல்லாம் கூட்டினால் 6,000 டாலரைத் தாண்டும். திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி டியூன் செய்ய இன்னும் 600. ஆக 7,000 முதல் 8,000. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் இருபது முப்பது மணி நேர வேலை. மணிக்கு 100 டாலருக்குக் குறையாத கூலியில் இன்னும் 2,000 முதல் 3,000 கூடும். நல்ல நிலையிலுள்ள முதல் தலைமுறை மியாட்டாவின் சந்தை விலையும் இதே அளவில்தான் இருக்கிறது. காரின் விலைக்கு நிகரான தொகை காருக்குள் போகிறது.

இந்தக் கூட்டுத்தொகையின்மேல் கால் பங்கைக் கைக்காப்பாக ஒதுக்க வேண்டும். முப்பது ஆண்டுக் காரில் துருப்பிடித்த ஸ்டட் உடையும், பழைய வயரிங் நொறுங்கும், கழற்றிய ரப்பர் பாகம் மறுபடி உட்காராது. இது ஒவ்வொரு முறையும் நடப்பது என்பதால் இதை எதிர்பாராத செலவு என்று சொல்வதே சரியில்லை. கார் வாரக்கணக்கில் நிற்கும்போது வேலைக்குப் போக வேறு வண்டி வேண்டும் என்பதும் பட்ஜெட்டில் சேர வேண்டியது.

பணம் மொத்தமாக இல்லாதவருக்கு வரிசைமுறைதான் உதவி. முதலில் இன்ஜின் பரிசோதனையும் பராமரிப்பும். பிறகு டர்போ இல்லாமலே புது இசியூவும் வைட்பேண்டும். காரைச் சில மாதங்கள் ஓட்டி டியூனிங்கைக் கற்றுக்கொள்ளலாம், பிசகினாலும் இன்ஜின் உடையாது. அடுத்து இன்ஜெக்டர், கூலிங், கிளட்ச், பிரேக். ஒவ்வொரு கட்டத்திலும் கார் ஓடும் நிலையில் இருக்கும். ஒவ்வொன்றும் டர்போ இல்லாவிட்டாலும் காருக்கு நன்மை செய்யும். கடைசியாக டர்போ வரும்போது அதற்கான இடம் எல்லாம் தயாராக இருக்கும். முதலில் டர்போவை வாங்கிவைத்தவருக்கு இந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. கையிலிருக்கும் பொருள் மாட்டச் சொல்லித் தூண்டும்.

வேறு வழிகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். மஸ்டாவே 2004, 2005 ஆண்டுகளில் மஸ்டாஸ்பீட் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் 178 குதிரைத்திறன் கொண்ட டர்போ காரை விற்றது. தொழிற்சாலையே எல்லாப் பாகங்களையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சோதித்துத் தந்த கார் அது. பழைய காரை விற்றுவிட்டு அதை வாங்குவது வெறும் எண்களின்படி மலிவாகவே முடியலாம். தன் காரைத் தானே மாற்றிக் கட்டும் வேலையிலேயே இன்பம் காண்பவருக்கு மட்டும் அந்த வாதம் எடுபடாது, அதில் தவறும் இல்லை.

சட்டம்

கலிஃபோர்னியாவில் 1976 முதல் வந்த பழைய பெட்ரோல் கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மாநிலக் காற்று வள வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாத டர்போ கிட், புகை சுத்தமாகவே வந்தாலும் தேறாது. ஆகவே அங்கே ஒப்புதல் பெற்ற கிட்டையே தேட வேண்டும். தெரிவு குறையும், விலை கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவிப்பதும் அதனால் கூடும் பிரீமியமும் ஆண்டுச் செலவு.

இந்தியாவில் நிலைமை இன்னும் கண்டிப்பானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இங்கே இப்படிக் கட்டப்படும் காருக்கு முறையான இடம், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, கோவையை அடுத்த செட்டிபாளையம் போன்ற பந்தயத் தடங்கள்தான். அப்படியானால் டிரெய்லருக்கும் தடக் கட்டணத்துக்கும் தனிப் பட்ஜெட் வேண்டும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

மாற்றம் முடிந்த பின்னும் செலவு நிற்பதில்லை. ஆயிலை முன்பைவிடச் சீக்கிரமாக, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோல் தவிர வேறெதுவும் ஆகாது. பிளக்கின் இடைவெளியைக் குறைத்து, வெப்பத்தை வேகமாகக் கடத்தும் வகைக்கு மாற வேண்டும். பூஸ்ட் அழுத்தத்தில் அகன்ற இடைவெளியைத் தீப்பொறி தாண்டாது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மேனிஃபோல்ட் நட்டுகள், ஆயில் லைன் இணைப்புகள், இன்டர்கூலர் குழாய் கிளாம்ப்புகள் அனைத்தையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். கோடையில் ஓடிய காரை மழைக்காலக் குளிரில் ஒருமுறை டியூனிங் சரிபார்ப்பது நல்லது. அடர்ந்த குளிர்காற்றில் பூஸ்ட் எண் மாறாமலே இன்ஜினுக்குள் போகும் காற்று கூடிவிடும்.

விற்கும்போது இந்தப் பணம் திரும்பி வராது. அடுத்து வாங்குபவர் டர்போவை அனுகூலமாகப் பார்ப்பதைவிட, யார் எப்படி ஓட்டினார்களோ என்ற சந்தேகமாகப் பார்ப்பதே அதிகம். ஆனால் கழற்றிய பழைய மேனிஃபோல்ட், காற்றளவி, இசியூ, இன்ஜெக்டர், சைலன்சர் ஆகியவற்றைத் துடைத்து, பெயரெழுதிப் பெட்டியில் வைத்திருந்தால் ஒரு வாரக்கடைசியில் காரைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்பிவிடலாம். டர்போ கிட்டைத் தனியாகவும் காரைத் தனியாகவும் விற்பதே சேர்த்து விற்பதைவிட அதிகத் தொகை தரும். பழைய மியாட்டாவின் அசல் பாகங்கள் ஆண்டுக்காண்டு அரிதாகிவருவதால், அந்தப் பெட்டியையும் பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.